அது தாளக் கருவி இல்லை, தூக்குவாளி

என் அம்மாவுக்கு நடனம் தெரியாது. ஊர்ப் பொங்கலுக்குப் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டும்போதுகூட அவள் போய்ச் சேர்ந்துகொள்வதில்லை. விடிவதற்கு முன்னால் ஜீப் வந்துவிடும் என்று சீக்கிரமே படுத்துவிடுவாள். ஆனால் தேனிப் பக்கம் உள்ள ஒரு பொது நூலகத்தின் இணையதளத்தைத் திறந்து, ஆவணக் காப்பகம் என்ற பகுதியில் ‘நடனம்’ என்று தட்டினால் முதலில் வருவது என் அம்மாவின் படம்தான்.

அந்தப் படத்தை ஸ்கேன் செய்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். முதலில் கல்லூரி போனதும் நான். நூலக அறிவியல் படித்தேன். கூடலூரில் எங்கள் தெருவில் அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால், “புத்தகத்த அடுக்கி வைக்கவுமா ஆத்தா படிப்பு?” என்று கேட்பார்கள். ஆமாம், அதற்கும் படிப்பு இருக்கிறது, அதில் நான் வகுப்பில் முதலாவது என்று பதில் சொல்வேன். சொல்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

நூலகத்தில் ஒரு திட்டம் வந்தது. பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள், துண்டறிக்கைகள், கல்யாணப் பத்திரிகைகள், மூடிப்போன ஒரு ஸ்டூடியோவை நடத்தியவரின் குடும்பம் கொண்டுவந்து கொடுத்த படப் பெட்டிகள், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி எல்லா மக்களுக்கும் திறந்துவிடுவது. ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எடுத்தவர்களில் நூலகப் படிப்பு படித்தவள் நான் ஒருத்திதான். தினமும் கூடலூரிலிருந்து கம்பம், சின்னமனூர் வழியாகப் பஸ். போய்ச் சேர்ந்ததும் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு பழைய படத்தை மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடியை இறக்கினால் வெளிச்சம் ஒரு கோடாக நகரும். பிறகு திரையில் அந்தப் படம் எழும்பி வரும். வெறும் கண்ணில் புள்ளியாக இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூக்குத்திகூடத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, இடம், தோராயமான காலம், தேடுசொற்கள் எல்லாம் போட வேண்டும். நாங்கள் போடுவது தற்காலிகத் தலைப்பு. வல்லுநர் குழு பார்த்து முடிவு செய்வதுதான் நிலையான தலைப்பு. மக்கள் எதைத் தேடினால் எது வரும் என்பது அந்தச் சொற்களின் கையில்தான் இருக்கிறது. ஒரு படத்துக்குத் தப்பான சொல்லைப் போட்டால் அந்தப் படம் பெட்டியிலேயே கிடந்திருக்கலாம்.

ஸ்டூடியோப் பெட்டியில்தான் அந்தப் படம் கிடைத்தது. இடது ஓரத்தில் ஒரு ஜீப்பின் முன்பக்கம். அதன் மேல் பெரிய மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. ஜீப்பை ஒட்டி வரிசையாகப் பெண்கள். எல்லோரும் சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இடுப்பில் சாக்கு. கையில் தூக்குவாளி.

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். செடியின் தூரில் உட்கார்ந்து காய் பறிக்க வேண்டும். தோகை கையை அறுக்கும், கொசு பிடுங்கும், அட்டை ஏறும், அடித்த மருந்து தோலில் பட்டால் எரியும். அதற்குத்தான் சட்டை. இன்றைக்கும் காலையில் எங்கள் தெரு முனையில் அதே உடையில்தான் நிற்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கினேன். வரிசையின் நடுவில் என் அம்மா நின்றாள். என்னைவிடச் சின்னப் பெண்ணாக.

அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தின படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அந்த முகத்தைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

சாயந்திரம் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவள் கறை போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். முதலில் அவள் கேட்டது இது.

“சட்டையோடயா நிக்கிறேன்?”

“ஆமா.”

“அட எடுபட்டவளே, அதைப் போயி ஊரு பாக்கப் போடுவாகளா? கட்டம் போட்டதா, ஊதாவா?”

“படத்துல எல்லாமே சாம்பக் கலருதாம்மா. பக்கத்துல ஜீப்பு நிக்கிது, மாலையெல்லாம் போட்டு.”

கையைத் தேய்ப்பதை நிறுத்தினாள். “அது புது வண்டிடி! மொத நா. மாலை, சந்தனம், எலுமிச்சங்கா, அம்புட்டும் வண்டிக்குத்தான். நாங்க ஏறப் போனோம். மொதலாளி, ‘நில்லுங்கடி, ஆளு நின்னாத்தான் வண்டி எடுப்பாத் தெரியும்’னாரு. படம் எடுத்தது வண்டிய. நாங்க சும்மா ஒட்டிக்கிட்டு நின்னோம். ஒங்க அத்தையும் நிப்பாளே?”

பக்கத்து வீட்டு அத்தையைத்தான் சொன்னாள். அம்மாவோடு அன்றும் இன்றும் ஒரே ஜீப்பில் போகிறவள். அத்தையும் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு.

“அந்நேரம் பாத்துக் கண்ண மூடியிருப்பா, திருட்டுக் கழுதை” என்று சிரித்தாள் அம்மா. பிறகு சிரிப்பு நின்றது. “கீழ என்னன்னு எழுதுவ?”

தற்காலிகத் தலைப்பை அன்றைக்கே போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். “ஏலத்தோட்ட வேலைக்குப் புறப்படும் பெண்கள், மாலை போட்ட ஜீப்பின் அருகில், கூடலூர்.”

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். “வேலைக்குப் போறவகன்னு எழுத்து இருந்தாச் சட்டையோட நிக்கலாம். இல்லைன்னாக் கோமாளி மாதிரில்ல இருக்கும்? எழுத்தோட போடுறதா இருந்தாப் போடு.”

நான் சரி என்றேன். வாக்குக் கொடுத்தது நான்தான், நூலகம் இல்லை.

அடுத்த மாதம் வல்லுநர் குழுவின் தலைப்புகள் வந்தன. என் திரையில் அந்தப் படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: ‘மலைவாழ் பெண்கள் நடனக் குழு. மரபு உடையில், உலோகத் தாளக் கருவிகளுடன், அலங்கார ஊர்தி முன்.’

மூன்று முறை படித்தேன். தூக்குவாளி தாளக் கருவி ஆகிவிட்டது. ஜீப் அலங்கார ஊர்தி. என் தாத்தாவோ தாய்மாமனோ போட்டுக் கழித்த சட்டை மரபு உடை. கூலி வேலை இருந்த இடமே தெரியாமல் துடைத்துவிட்டார்கள்.

திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கோபப்பட மாட்டார், தேநீர் வாங்கித் தருவார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“குழு ஒப்புதல் குடுத்தாச்சேம்மா” என்றார்.

“சார், இதுல நிக்கிறது எங்கம்மா. எங்கம்மா ஆடப் போகல, காய் எடுக்கப் போச்சு.”

“அப்படியா! ரொம்ப சந்தோஷம். ஆனா பாருங்க, நடனம்னு போட்டா நாலு பேர் தேடி வருவாங்க. கூலிக்குப் போறதை யாரு தேடப் போறா?”

“நாங்க தேடுவோம் சார்.”

அவர் சென்னையிலிருந்த பேராசிரியரை வீடியோ அழைப்பில் பிடித்துத் தந்தார். தலைப்பு எழுதியவர் அவர்தான். காரில் போய்க்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டார்.

“ஏம்மா, சேலை மேல ஆண்கள் சட்டை போடறது சடங்கு உடையா இல்லாம வேற என்ன? சில இனக்குழுக்கள்ல ஆண் வேடம் உண்டு. நான் எழுதியிருக்கேன்.”

“சார், இது வேஷம் இல்ல. கொசுக் கடிக்குப் போடறது.”

“எங்கயாவது பதிவாகியிருக்கா? ஆதாரம் வேணும் இல்லையா?”

“ஆதாரம் எங்க வீட்டுக் கொடியில காயுது சார்.”

அலுவலர் என் கையை லேசாகத் தட்டினார், பேசாதே என்று. பேராசிரியர் சிரித்தார். நல்ல பெண், உணர்ச்சிவசப்படுகிறாள் என்றார். எனக்கு முன்னாலேயே, என்னைப் பற்றி, அலுவலரிடம். அந்தப் படத்தை எதில் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். போனில் பார்த்தேன், போதுமான அளவு தெளிவாக இருந்தது என்றார். மூக்குத்தி வரை தெரியும்படி நான் ஏற்றி வைத்த படத்தை அவர் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைவாழ் மக்கள் என்று சொன்னதால் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மலையில் பளியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் உண்டு. அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஆடாத ஓர் ஆட்டத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, எங்கள் வேலையை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே வரியில் இரண்டு திருட்டு.

போன் வைத்த பிறகு அலுவலர், “விடுங்கம்மா, திறப்பு விழாவுக்கு முன்னால நானே பேசி மாத்திடறேன்” என்றார். நான் நம்பினேன். அம்மாவை விழாவுக்கு வரச் சொல்லியிருந்தேன். அந்த நம்பிக்கையில் வர வேண்டாம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

விழாவன்று அம்மாவும் அத்தையும் வேலைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, என்னோடு பஸ்ஸில் வந்தார்கள். நான் உட்காரும் நாற்காலியைக் காட்டச் சொன்னாள் அம்மா. காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, “சாஞ்சா நல்லாச் சாயுது” என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்த இடத்தோடு அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

நூலகத்துக்கு முன்னால் பந்தல். என் வேலை மடிக்கணினியோடு முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து பெரிய திரையில் தளத்தைக் காட்டுவது. வரவேற்புரை முடிந்ததும் கலை நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். சின்னப் பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. தலையில் பளபளவென்று துண்டு. உதட்டில் சிவப்புச் சாயம். கையில் புதுத் தூக்குவாளியும் ஒரு குச்சியும். ஒலிபெருக்கியில், “நம் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்ட அரிய நடனம், பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் உங்கள் முன்” என்றார்கள். பிள்ளைகள் தூக்குவாளியைக் குச்சியால் அடித்துக்கொண்டு ஆடினார்கள்.

பிள்ளைகள் மேல் தப்பு இல்லை. வேர்வை வழிய ஆடினார்கள்.

அம்மாவும் அத்தையும் எனக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில்தான் இருந்தார்கள். அத்தையின் குரல் கேட்டது.

“ஏய், இங்கன பாரு மதினி, நம்ம தூக்குவாளியல்ல அடிக்குதுக!”

“உள்ள சோறு இருந்தா இப்பிடி அடிக்குங்களா?” என்றாள் அம்மா. குரலில் சிரிப்பு இல்லை. “சட்டைக் கையை வேற மடிச்சு விட்டிருக்காக. கொசு தின்னுடாது?”

ஆட்டம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார். தளம் திறந்தது. முகப்பில் இருந்தது அந்தப் படம்தான். என் அம்மா திரை முழுக்க நின்றாள், அவள் உயரத்தைவிடப் பெரிய முகத்தோடு. கீழே எழுத்து. மாற்றவில்லை. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

அம்மா என் தோளைத் தொட்டாள். “கீழ என்னடி போட்டுருக்கு?”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். ‘வேலைக்குப் புறப்படும் பெண்கள்’ என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் நானும் அவர்கள் கட்சி. இருந்ததை இருந்தபடி படித்துக் காட்டினேன், தாளக் கருவி வரை. எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படித்தது இந்த வரியை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவா?

அம்மா திரையை மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். அத்தைதான் சும்மா இருக்கவில்லை. “நீ ஆடுனியாடி? எங்கிட்டச் சொல்லவே இல்ல! நானும்ல பக்கத்துல நிக்கிறேன்? கண்ண மூடிக்கிட்டு ஆடிட்டேன் போல!” என்று உரக்கச் சொன்னாள். கோபம் வந்தால் அத்தைக்குக் கிண்டல்தான் வரும். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அலுவலர் ஓடி வந்தார். படத்தில் இருப்பவர்கள் இவர்களா என்று கேட்டார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி.

எங்கள் ஊர்ப்பக்கம் எந்த விழாவிலும் பொன்னாடைகள் ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்கி வைத்திருப்பார்கள். யாராவது எதிர்பாராமல் வந்துவிட்டால் போர்த்துவதற்கு. நான் எழுந்து தடுப்பதற்குள் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். “அந்த நடனக் கலைஞரே இன்று நம்மிடையே!” அம்மாவின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியரே பொன்னாடையைப் போர்த்தினார். படம் எடுத்தார்கள். அத்தை நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, “நான் வரமாட்டேன், எனக்கு மூட்டுவலி, நான் ஓய்வு பெத்த ஆட்டக்காரி” என்றாள்.

மைக்கை அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டி, “ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றார் அலுவலர்.

அம்மா வாழ்க்கையில் மைக்கில் பேசியதில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு மைக்கைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் ஆடல. காய் எடுக்கப் போனேன். நாளைக்கும் போவேன்.”

கை தட்டினார்கள். பலமாகத் தட்டினார்கள். “எவ்வளவு எளிமை பாருங்க!” என்றார் அலுவலர். பேராசிரியர் கண் கலங்கினார் என்றுகூடச் சொல்லலாம். அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது. பிடித்தும் இருந்தது. அதனால் எதையும் மாற்ற வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எதிர்த்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். கை தட்டுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

திரும்பும் பஸ்ஸில் அம்மா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். உத்தமபாளையம் தாண்டித்தான் பேசினாள். “எழுத்தோட போடச் சொன்னேன். எழுத்தாலதான கெடுத்துட்டாக.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தளத்தில் ‘திருத்தம் பரிந்துரைக்க’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மக்களே தங்கள் வரலாற்றை எழுதலாம் என்று அதைப் பற்றித்தான் விழாவில் அதிகம் பேசினார்கள். அழுத்தினால் கல்வி நிறுவனத்தின் மின்னஞ்சல் கேட்கும். எங்கள் ஜீப்பில் போகும் யாரிடம் அது இருக்கிறது? என் கல்லூரி மின்னஞ்சல் இன்னும் உயிரோடு இருந்தது. அதை வைத்து உள்ளே போனேன். ஆதாரத்தை இணைக்கவும் என்றது. நூலகமே விழாவைப் படம்பிடித்துத் தளத்தில் ஏற்றியிருந்தது. அதில் அம்மா பேசும் இடத்தை வெட்டி இணைத்தேன். உங்கள் மேடை, உங்கள் மைக், உங்கள் காணொளி, அதில் படத்தில் இருப்பவளே சொல்கிறாள் என்று எழுதினேன்.

பதில் வருவதற்குள் என் ஒப்பந்தக் காலம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. மற்றவர்களுக்கு நீட்டித்தார்கள். காரணம் கேட்டபோது அலுவலர் அப்போதும் தேநீர் வாங்கித் தந்தார். நான் குடிக்கவில்லை.

ஒருநாள் தலைப்பு மாறியிருந்தது. இப்போதும் நீங்கள் போய்ப் பார்க்கலாம். ‘மலைவாழ் பெண்கள் நடனக் குழு. தோட்டத் தொழிலாளர்கள் எனவும் கூறப்படுகிறது. கருத்து வேறுபாடு உண்டு.’

அவ்வளவுதான். என் அம்மா இத்தனை வருஷம் இருட்டில் எழுந்து போனது, கை கறுத்தது, காலில் அட்டைத் தழும்பு, என் படிப்பு, எல்லாம் ஒரு கருத்து வேறுபாடு. ‘ஏலக்காய்’ என்று தேடினால் இன்றும் அந்தப் படம் வராது. ‘நடனம்’ என்று தேடினால் வரும். படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள், அதற்குத்தான் ஏற்றி வைத்திருக்கிறேன். அம்மா கையில் இருக்கும் வாளியின் மூடியை ஒரு துணி போட்டு இறுக்கிக் கட்டியிருப்பது தெரியும். குலுங்கும் ஜீப்பில் ரசம் சிந்தக் கூடாது என்று கட்டுவது. தாளம் போடுகிறவர்கள் வாளியை அப்படிக் கட்டுவார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

புதுத் தலைப்பையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வேறுபாடுன்னா?”

“அவுக ஒண்ணு சொல்றாக, நாம ஒண்ணு சொல்றோம்னு அர்த்தம்.”

“நாம சொன்னதும் அதுல இருக்கா?”

“இருக்கு. பின்னால.”

வெளியே ஜீப்பின் ஹாரன் அடித்தது. அத்தை தெருவிலிருந்து, “ஏய் ஆட்டக்காரி, வண்டி வந்துருச்சு!” என்று கத்தினாள். அம்மா தூக்குவாளியை எடுத்து மூடியைத் தட்டிச் சரிபார்த்தாள்.

“முன்னால போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திருத்தம் பரிந்துரைக்கும் பொத்தானை இன்றைக்கும் அழுத்தினேன்.